கூரை மட்டும் போதும்

மூன்றாம் தடவையாகச் சரிந்தது சுவர்.
சத்தமே இல்லை.
பாதாம் மாவுக்கு இடிந்து விழத் தெரியாது.
களைத்த பசுவைப் போல
முன்னங்கால் மடக்கி மெல்ல உட்காரும்.

இந்த ஓலு நகரத்தில்
எழுபத்திரண்டு கூரை போட்டவன் நான்.
சதுர மீட்டருக்கு எத்தனை கிலோ பனி தாங்கும் என்று
தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.
அடுப்படி மேசையில்
ஒரு சாண் வீடு நிற்க மாட்டேன் என்கிறது.

கோதுமையென்றால் நின்றிருக்கும்
என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன்.
சைமி திரும்பிப் பார்த்தாள்.
எட்டு வயதுக் காதுக்கு
விழுங்கியதும் கேட்கும்.

முதலில் கோதுமை, ரை, பார்லி.
அப்புறம் ஓட்ஸ்.
கடைசியில் சோளமும் அரிசியும்கூட
அவள் வயிற்றோடு சண்டைக்கு வந்தன.
கதிராய் நின்று காற்றில் ஆடிய எதுவும்
ஆகாது என்றார் மருத்துவர்.
ரை ரொட்டியின் ஊரில்
இதைச் சொல்லிவிட்டு அவரே கொஞ்ச நேரம்
ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

போன டிசம்பரில்
மார்கெத்தா வார்டிலிருந்து கொண்டுவந்த
நீலக் கையுறை மாட்டிக்கொண்டுதான்
இஞ்சி வீட்டுக்குச் சர்க்கரை பூசினாள் சைமி.
ஜன்னல் ஒட்டினாள், புகைபோக்கி ஒட்டினாள்.
ஒரு தடவைகூட
விரல் வாய்ப்பக்கம் போகவில்லை.
ஆர்ரே கதவைப் பிய்த்துக் கடித்தான்.
அவள் பார்த்தாள்.
அவள் பார்ப்பதை நான் பார்த்தேன்.
நல்ல உறுதியான வீடு அது,
ஜனவரி முழுக்க நின்றது.
பிறகு பறவைகளுக்குப் போட்டோம்.

இந்த வருஷம் ஆர்ரே
லேபிள் படிக்கிறான், வழக்கறிஞனைப் போல.
பொடிச் சர்க்கரைக்குள் ஒளிந்திருந்த சோள மாவைப் பிடித்தான்.
பேக்கிங் பவுடருக்குள் அதன் தம்பியையும்.
வேறு வழியில்லாமல்
காப்பிக்கொட்டை மிஷினில் சர்க்கரை அரைத்தோம்.
இனி ஒரு வாரம் என் கறுப்புக் காப்பி
கேட்காமலே இனிக்கும்.

மணி இரண்டரை. வெளியே இருட்டிவிட்டது.
பால்கனியில் மைனஸ் பதினெட்டு.
வெந்த பலகைகளை அங்கே கிடத்தினோம்.
கல்லாய் உள்ளே வந்தன,
பத்து நிமிஷத்தில்
மறுபடியும் பசுவாயின.

பருப்பு டப்பாக்களை முட்டுக்கொடுத்தேன்.
மூலைமட்டம் எடுத்துவந்தேன்.
திட்டினேன், சின்னக் குரலில்,
பின்னிஷில் இருக்கும் நல்ல சொற்கள் அத்தனையும்.

"சுவர் எதுக்கு?" என்றாள் சைமி.

இருபத்தாறு வருஷத் தொழிலில்
ஒருத்தரும் என்னிடம் கேட்காத கேள்வி.

"கூரை மட்டும் போதும் அப்பா. லாவு கட்டலாம்."

லாவு:
காட்டில் கழிகளைச் சாய்த்து
ஒரு பக்கம் திறந்தபடி விட்ட ஒதுங்குமிடம்.
எதிரே தீ மூட்டும் குழி.
பூட்டு இல்லை.
யாருடையது என்று யாரும் கேட்பதில்லை.

ஒரே பலகை. இரண்டு பட்டைக் குச்சி.
சாய்த்தோம், நின்றது.
தேங்காய்த் துருவல் தரையெல்லாம் பனி.
கிராம்பு விறகு அடுக்கினான் ஆர்ரே.
தீக்கு இரண்டு லக்கா பழம்,
ஆரஞ்சு நிறத்தில், ஈரமாய்.

அப்போதுதான்,
மணிக்கட்டுவரை வழிந்த பாகை
யோசிக்காமல் நக்கினாள் சைமி.

மார்கெத்தாவின் கை
தடுக்கப் பாதிவழி போய்
காற்றில் நின்றுவிட்டது.
அப்படியே கொஞ்ச நேரம் நின்றது.
அதை எங்கே வைப்பதென்று தெரியாமல்
தன் தலைமுடியைச் சரிசெய்துகொண்டாள்.

சைமி ஒவ்வொரு விரலாக முடித்துவிட்டு
அடுத்த கைக்குப் போனாள்.

காலை ஐந்து மணி. ஷூ மாட்டும்போது
மேசைப்பக்கம் பார்த்தேன்.
கூரையின் இடது ஓரத்தில் சேதம்.
நடுவில் ஒரு பல் விழுந்த வாயின்
அளவு சரியாகப் பொருந்துகிறது.
அதன் பக்கத்தில் இன்னொன்று, பெரிய வாய்;
அது யாரென்று விசாரிக்கப்போவதில்லை.

பழுதுபார்க்கவில்லை.
வலது ஓரத்தில்
நானும் கொஞ்சம் சேதப்படுத்திவிட்டு
ஏணியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.